களத்தில் காய்ந்த கேசட்

மகளின் போனில் அந்தப் பாட்டு ஓடியதும் நானும் கூடவே முணுமுணுத்தேன். நடுவில் ஓரிடத்தில் குரலை இழுத்தேன். "அம்மா, தப்பாப் பாடற," என்றாள்.

ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு அந்தப் பாட்டு இருந்த ஆங்கில ராக் கேசட்டைக் கொண்டுவந்தவன் அண்ணன். பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும்போது அதை என்னிடம் விட்டுப்போனான். அம்மாவும் அப்பாவும் காபி பறிக்கப் போனபின், ஜன்னலை மூடிக்கிடக்கும் பனிமூட்டத்தில் அதுதான் எனக்குப் பேச்சுத்துணை. ஒரு பாட்டு கத்தும், அடுத்தது தாலாட்டும், அதற்கடுத்தது மேளம் கொட்டி ஆடும். "ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஊர்க்காரன் பாடறாப்பல இருக்குது, கண்ணு," என்பாள் அம்மா.

மழைக்காலத்தில் கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. எதில் ஈரம் ஏறினாலும் காபிக்கொட்டையோடு களத்தில் காயப்போடுவது அம்மாவின் வழக்கம். இதையும் போட்டாள். வெயிலில் உள்ளே நாடா ஓரிடத்தில் நெளிந்துவிட்டது. அதன்பின் அந்தத் தாலாட்டுப் பாட்டு மட்டும் நடுவில் தூக்கம் வந்தவன் குரல்போல இழுத்துக்கொண்டு போய், மறுபடி நிமிரும்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்தபோது பயந்துகொண்டேதான் போட்டுக் காட்டினேன். "இப்பத்தான் நொம்ப நல்லாருக்குது," என்று சிரித்தான். அந்த இடம் வரும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து இழுத்தோம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் உயிரோடு இல்லை.

மகள் பாட்டை மறுபடி வைத்தாள். அந்த இடம் வந்தது. நான் இழுத்தேன். பாட்டு எனக்காக நிற்காமல் போய்விட்டது.