துரையின் மேஜையில் ஒரு கருங்கல்

பர்மாவில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிக்கு ஆள் சேர்க்க ஒரு துரை மைசூருக்கு வந்திருந்தார். ஜியாலஜி பட்டம் வாங்கியும் வேலையில்லாமல் வெந்துகொண்டிருந்த நான், நண்பனின் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். சாமுண்டி மலையில் நானே உடைத்து மெருகேற்றிய கருங்கல் ஒன்றை அவர் மேஜையில் வைத்தேன்.

துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகான கல். ஆனால் எண்ணெய் இருப்பது மணற்பாறையில். அதை நேரில் பார்த்திருக்கிறாயா?"

மைசூரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கருங்கல்தான். மணற்பாறையை நான் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

"வேலை கொடுத்தால் அங்கே வந்து பார்க்கிறேன்" என்றேன்.

"பார்த்தவர்களுக்குத்தான் வேலை."

பிறகு இரக்கப்பட்டு, நஞ்சன்கூட்டில் கம்பெனியின் மண்ணெண்ணெய்க் கிடங்குக்குக் குமாஸ்தா வேண்டும் என்றார். மறுக்கிற நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்து கல்லை மூலையில் போட்டேன். லாந்தர் சிம்னியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எண்ணெய்க் கம்பெனி வேலைதானே கேட்டே? அதுதானே கெடச்சிருக்கு. அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்கே?"

அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது.

கல்லைக் கிடங்குக்கு எடுத்துப்போனேன். பில்கள் பறக்காமல் இன்றும் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய்க் கம்பெனியில் என் ஜியாலஜிக்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான்.