மூன்று தடவை தீட்டிய அரிசி

1. கை பார்த்து ஓட்டுகிறவன்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் முழுதாக இல்லை. ஆனால் மணிமங்கலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்த அரிசி மில்லில் நெல் தீட்டுகிற ஹல்லர் மிஷின் மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபதுகளில் பென்னலூர் பக்கம் ஒரு மில்லில் நான் மிஷின் டிரைவர். நெல்லைக் கொட்டினால் முதலில் உமி போகும், அப்புறம் தவிடு போகும், அரிசி வரும். பிளேடை எவ்வளவு நெருக்கி வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். நெருக்கினால் வெள்ளை கூடும். மிஞ்சி நெருக்கினால் அரிசி நொறுங்கிக் குருணையாகிவிடும். மற்ற டிரைவர்கள் இரண்டாவது தடவை ஓட்டவே யோசிப்பார்கள். நான் மூன்று தடவை ஓட்டுவேன். விழுகிற அரிசியை உள்ளங்கையில் ஏந்தினால் அதன் சூட்டிலேயே எனக்குக் கணக்குத் தெரிந்துவிடும். என் அரிசியை வெளுத்த வேட்டியில் கொட்டினால் வேட்டிதான் பழுப்பாகத் தெரியும்.

களத்தில் நெல் காயவைக்கிற முனியம்மா மட்டும் மதிக்க மாட்டாள்.

“இன்னா ஏழுமல, அரிசி தீட்றியா, சுண்ணாம்பு அடிக்கிறியா?”

“குருண துன்றவளுக்கு இன்னா தெரியும்?”

“குருண துன்னுட்டுதான் மூட்ட தூக்கினு கீறேன். நீ ஒண்ணு தூக்கிக் காமி பாப்போம்.”

2. முதலாளி படியில் உட்கார்ந்த நாள்

எங்கள் முதலாளிக்கு வயிற்றில் புண் வந்தது. பட்டணத்து டாக்டர், ஒரு மாதம் பருப்பு, காய், கறி எதுவும் வேண்டாம், குழைந்த சோறும் மோரும் போதும் என்று சொல்லியிருந்தார். புண் ஆறிவிட்டது. ஆனாலும் முதலாளி பயந்துபோய் ஐந்தாறு மாதம் அதையே சாப்பிட்டார். அவருக்கென்று பச்சரிசியை நானே மூன்று தடவை ஓட்டித் தனிச் சாக்கில் கட்டி வைப்பேன். வீட்டில் முதலாளியம்மா அதை ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவி, வடித்து, கஞ்சியைக் கொட்டிவிட்டுச் சோறு போடுவார்.

ஒரு நாள் காலை ஆபீஸ் ரூமுக்கு ஏறுகிற மூன்று படியில், இரண்டாவது படியிலேயே முதலாளி உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கணுக்காலில் விரலை வைத்து எடுத்தேன், விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது. பாதம் மரத்துப்போய் ஒரு மாதமாகிறது என்று அப்போதுதான் சொன்னார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதயம் பெருத்துவிட்டது என்றார்கள். நீர் இறங்க மருந்து கொடுத்தும் வீக்கம் தொடைவரை ஏறியது. படுத்தால் மூச்சு முட்டும், தலையணையை அடுக்கிச் சாய்ந்தே இருந்தார். அவருக்குப் பிள்ளை கிடையாது. அவர் போனால் மில்லுக்குப் பூட்டுதான், எங்கள் பதினாலு பேருக்கும் வேலை இல்லை.

“ஏழுமல, மிஷின விட்டுறாத” என்று என் கையைப் பிடித்தார். நான் அழுகிற ஆள் இல்லை. வெளியே வந்து சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

3. டாக்டரம்மா கேட்டது

ஆஸ்பத்திரிச் சோறு அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முதலாளியம்மா பயந்தார். அதனால் மறுநாள் இரண்டு படி அரிசி தனியாகத் தீட்டி எடுத்துப் போனேன். மூட்டையை அவிழ்த்து நர்சிடம் காட்டி, இந்த வெள்ளை ஜில்லாவிலேயே கிடைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் டாக்டரம்மா நின்றிருந்தார்.

“யாருக்கு இது?”

“மொதலாளிக்கு. நான் தீட்னதுமா. மூணு தபா.”

“எவ்ளோ நாளா இத சாப்பிடறாரு?”

“ஆறு மாசமா. வேற எதுவும் தொட மாட்டாரு.”

அவர் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

“தவுட என்ன பண்றீங்க?”

“மொதலாளி வூட்டு எருமைக்குப் போயிடும். பளபளன்னு கீதும்மா அது.”

“இருக்காதா பின்ன? அவருக்குப் போக வேண்டியதெல்லாம் அதுக்குப் போயிருக்கு” என்றார். தவிட்டில் பி-ஒன் என்று ஒரு வைட்டமின் இருக்கிறது, அது அடியோடு இல்லாமல் போனால் நரம்பு மரக்கும், இருதயமும் தளர்ந்து நீர் கோத்துக்கொள்ளும் என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். “ரொம்ப நல்லாத் தீட்டியிருக்கீங்க. அதுதான் தப்பு.”

அவிழ்த்த மூட்டையைத் திரும்பக் கட்டினேன்.

அன்றைக்கே பி-ஒன் ஊசி போட்டார்கள். விடிவதற்குள் நீர் நிறையப் பிரிந்தது. மூன்றாம் நாள் முதலாளி ஒரே தலையணையில் தூங்கினார். நான் ஊரெல்லாம் தவிட்டுப் புகழ் பாடப்போவதை டாக்டரம்மா என் முகத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

“எல்லா நெஞ்சு நோயும் இது கிடையாது. நெஞ்சு வலின்னு எவனாவது வந்தா தவுடு குடுத்து வச்சிக்காதீங்க, இங்க அனுப்புங்க.”

அப்படியே செய்திருக்கிறேன். ஒருத்தனுக்கும் தவிடு கொடுத்ததில்லை.

4. பிளேடு

முதலாளி மில்லுக்குத் திரும்பிய அன்று மூன்று படியையும் நிற்காமல் ஏறினார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைத் திட்டவில்லை.

“பிளேட தளத்து, ஏழுமல. ஒரு ஓட்டு போதும்” என்றார்.

கையில் ஸ்பேனர் எடுத்தேன், மனசு வரவில்லை. இருபது வருஷம் பழகிய கை அது. அப்புறம் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு வார் சரியாகப் பொருந்தியிருந்தது. தளர்த்தினேன்.

மங்கலாக விழுந்த அரிசியை முனியம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னா, கை நடுங்குதா?”

“போடி” என்றேன்.

இப்போது இந்தப் பக்கத்து கம்பெனிகளில் மிஷின் லைனில் நின்று வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வேலையை எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்று காட்டுவது பாதித் திறமை. எங்கே நிறுத்துவது என்பது மீதி. தவிடு பாதி ஒட்டியிருக்க, ஒரு மணி கூட நொறுங்காமல், ஒரே ஓட்டில் அரிசி எடுப்பது மூன்று தடவை தீட்டுவதைவிடக் கஷ்டம். அதிலும் இந்தச் சுற்று வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முனியம்மாவே ஒப்புக்கொண்டாள்.