நாலு தளத்துக்கும் ஒரு சுலோச்சனா

"மேலயா, கீழயா?" என்று கேட்டுக்கொண்டே சரக்கு லிஃப்டின் இரும்பு மடக்குக் கதவை இடது முழங்கையால் இழுத்துச் சாத்துகிறார் சுலோச்சனா. வலது கையில் டீ. இந்த ஆறு வருடத்தில் ஒரு சொட்டுகூடச் சேலை மூட்டைமேல் சிந்தியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நான் பார்க்கவே இரண்டு முறை சிந்தியிருக்கிறது.

தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது அந்த ஜவுளிக்கடை. அவர்களுக்குத் துணிப்பை அச்சடித்துக் கொடுப்பவன் நான். மாதம் இரண்டு தடவை பைக்கட்டுகளோடு சுலோச்சனாவின் லிஃப்டில் ஏறுவேன். நிலவறையில் கிடங்கு, தரைத்தளத்தில் விற்பனை, முதல் மாடியில் தையல், இரண்டாவதில் கொள்முதல். ஒரே கடைதான், ஆனால் ஒரு தளத்து ஆள் இன்னொரு தளத்தில் கால் வைப்பதில்லை. சேலை மட்டும் போய்வரும். கூடவே திட்டும் போய்வரும்.

கிடங்குக்குப் பொறுப்பு கதிரேசன். "ஒடனே வேணுமாமா? அந்த மாஸ்டரையே வந்து தலையில தூக்கிட்டுப் போகச் சொல்லுங்கக்கா" என்பார். லிஃப்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் அது, "கதிரேசன் சார் பத்து நிமிசம் டைம் கேக்குறாரு பாய்" என்று ஆகிவிடும். தையல் மாஸ்டர் அப்துல் சமத், "அந்த ஆளு தூங்கறானா?" என்று கத்துவார். கீழே வரும்போது, "மெதுவா அனுப்புங்க, அவசரமில்லன்னாரு பாய்."

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"திட்டெல்லாம் லிஃப்டுலயே எறக்கி வுட்ருவேன் சார். மேட்டரு மட்டுந்தான் போவும். இல்லாங்காட்டி இங்க ஒரு பிளவுஸுகூடத் தச்சி முடிக்க மாட்டாங்கோ."

முன்பு ஆற்றோரம் குடியிருந்தவர். இப்போது ஊருக்கு வெளியே, அரசாங்கம் மாற்றிவிட்ட அடுக்குமாடியில் எட்டாவது தளம். "அங்க லிஃப்டு பாதி நாளு ஓடாது. நாள்பூரா லிஃப்டு ஓட்டிட்டு, வூட்டுக்குப் படியேறிப் போறேன், பாத்துக்கோ" என்று அவரே முதலில் சிரித்துவிடுவார். நாம் பரிதாபப்பட இடம் கொடுக்க மாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நான் லிஃப்டில் இருந்தபோதுதான் அது நடந்தது. வடபழனியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டில் இருபத்தாறு பெண்களுக்கு ஒரே இலைப்பச்சையில் சேலை, பிளவுஸும் தைத்து வியாழன் மாலைக்குள் வேண்டும். ஆர்டர் எடுத்தவள் விற்பனையில் இருக்கும் தமிழ்நிலா. சேர்ந்து மூன்று மாதம். அவளை வேலையில் நிரந்தரம் செய்வதா, அனுப்புவதா என்று சனிக்கிழமை முடிவாக இருந்தது. அலமாரியில் இருந்தது இருபது சேலைதான். மீதி ஆறை அதே கலர் நம்பர் சொல்லிக் கொள்முதல் ராகவேந்திரன் வரவழைத்திருந்தார்.

தைத்து முடித்த இருபதும் லிஃப்டில் ஏறியிருந்தன. கிடங்கிலிருந்து புது ஆறும் வந்து ஏறின. சுலோச்சனா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டீயைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை.

"இது இன்னா கலரு சார்?"

"பச்சை."

"ரெண்டுமா?"

மை கலந்து பிழைக்கிறவன் நான். எனக்கே அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது. புதிதில் மஞ்சள் தூக்கலாக இருந்தது. நம்பர் ஒன்று, சாயம் வேறு. பிளவுஸ் துணி சேலையோடு சேர்ந்தே வருவது. மாஸ்டர் கத்தரி வைத்துவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. கல்யாணத்தில் ஆறு பேர் மட்டும் தனியாகத் தெரிவார்கள். பழி, ஆர்டர் எடுத்த பெண்மேல் விழும். இத்தனைக்கும் அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

தரைத்தளத்தில் லிஃப்டை நிறுத்திக் கதவைத் திறந்து போட்டார். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. மேலும் கீழும் மணி அடித்தது. "இருங்க சார், அவங்களே வருவாங்கோ" என்று என்னையும் உட்காரச் சொன்னார்.

வந்தார்கள், திட்டுவதற்காக. மேலேயிருந்து ராகவேந்திரன், அவர் பின்னால் மாஸ்டர், கீழேயிருந்து கதிரேசன். சுலோச்சனா இரண்டு சேலைகளையும் பிரித்துப் பிடித்தார். மூன்று பேரும் பார்த்தார்கள். கவுண்டரில் நின்ற தமிழ்நிலாவின் முகம் வெளிறிவிட்டது.

முதலில் மாஸ்டர்தான் வாய் திறந்தார். "நீங்கதான் கதிரேசனா? எப்பவும் அவ்வளவு மரியாதையா சொல்லி அனுப்புவீங்களே!"

கதிரேசன் கூச்சத்தோடு நெளிந்தார். "நீங்க மட்டும் என்ன பாய், ஒருநாளாவது அவசரப்படுத்தியிருக்கீங்களா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுலோச்சனாவைப் பார்த்தார்கள். அவர் தரையிலிருந்த டீயை எடுத்து ஆற அமரக் குடித்தார்.

அதற்குப் பிறகு சண்டை போட யாருக்கும் வாய் வரவில்லை. பழைய சாயத்தில் இரண்டு சேலை வாசல் பொம்மைகள்மேல் கட்டியிருப்பதாகத் தமிழ்நிலா சொன்னாள். கிடங்கில் தனியாக ஒன்று கிடப்பது கதிரேசனுக்கு ஞாபகம் வந்தது. மீதி மூன்றுக்கு ராகவேந்திரன் அங்கேயே நின்று, சேலை நெய்து வரும் இளம்பிள்ளைக்குப் போன் போட்டுப் பழைய சாயத்திலேயே கேட்டு வாங்கினார். "நாளைக்கு மதியம் வந்தாலும் போதும், நான் தச்சுடறேன்" என்றார் மாஸ்டர். லிஃப்டில் போய்வந்திருந்தால் ஒரு மாதம் இழுத்திருக்கும் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை எனக்கு அங்கே வேலையில்லை. இருந்தாலும் போனேன். கல்யாண வீட்டுப் பெரியம்மா, கை போன போக்கில் நாலைந்து சேலைகளை உருவி, தெருவெளிச்சத்தில் பார்க்க வாசலுக்கு எடுத்துப் போனார். படிக்கட்டில் மாஸ்டர் நின்றிருந்தார். பக்கத்தில் கதிரேசன். இரண்டு பேருக்கும் அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா திரும்பி வந்தார். "எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்மா. கட்டிடு."

தமிழ்நிலா அசையாமல் நின்றாள். சுலோச்சனா லிஃப்டைவிட்டு இறங்கி அவளிடம் போனார். அவள் கழுத்தில் அடையாள அட்டை பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அதை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, பெயர் தெரியும்படி திருப்பிவிட்டார்.