சைக்கிளுக்கும் ஒரு பட்டி

எங்கள் வீட்டுப் புத்தகத்தில் சைக்கிளுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்பது வயதில் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய அவமானம் வரமுடியாது என்று நான் உறுதியாக நம்பினேன்.

அந்தப் புத்தகம் கடையில் வாங்கியதல்ல. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு எங்கள் குடும்பம் மன்னாரில் உள்ள எங்கள் ஊர் கீரிக்குத் திரும்பியபோது கொண்டுவந்த சொத்தில் பெரும்பகுதி ஒரு துணிக்கடைப் பைக்குள் இருந்தது. எல்லாம் காகிதங்கள். அப்பா, அம்மாவின் விவாகப் பத்திரம், எல்லோருடைய ஞானஸ்நானச் சீட்டுகள், முகாமின் குடும்ப அட்டை, ஊசி போட்ட அட்டைகள், எந்தக் காலத்திலோ யாரோ முத்திரை குத்தித் தந்த துண்டுகள். பானை உடைந்தால் வேறு வாங்கலாம், காகிதம் போனால் நாங்கள் ஆரென்று சொல்ல ஒருவரும் இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். வீட்டில் என்னைவிட அந்தப் பைக்குத்தான் காவல் அதிகம்.

ஆனால் கடற்கரைக் காற்றுக்கு அப்பாவின் காவல் தெரியவில்லை. வந்த மூன்றாம் மாதம் பையைத் திறந்தால் காகிதங்கள் ஈரம் பிடித்துக் கிடந்தன. விவாகப் பத்திரமும் குடும்ப அட்டையும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து எடுத்தது சித்திதான்.

சித்தி அம்மாவின் தங்கை. அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. முகாமுக்குப் பக்கத்து நகரத்தில் கையால் புத்தகம் கட்டும் ஓர் இடத்தில் ஆறு வருடம் வேலை செய்தவர். கீரியிலும் அந்த வேலையையே தொடங்கவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். அதற்கு வீட்டின் முன்னறையும் அப்பாவின் சம்மதமும் வேண்டும். அப்பாவுக்கு அது சிரிப்பாக இருந்தது.

“மீன் பிடிக்கிற ஊரில ஆர் பிள்ளை புத்தகம் கட்டுவிக்கப் போயினம்?” என்று கேட்டார்.

சித்தி வாதாடவில்லை. “அந்தப் பையை என்னட்டத் தாங்கோ அத்தான். கட்டினாப் பிறகு பார்த்துச் சொல்லுங்கோ” என்றார்.

அப்படித்தான் அந்தப் புத்தகம் தொடங்கியது. பத்திரத்தில் ஊசி ஏற்றக் கூடாது என்பது சித்தியின் முதல் சட்டம். அதனால் விரல் அகலத்தில் மெல்லிய, உறுதியான தாள்பட்டிகளை வெட்டி, அவற்றைத்தான் சேர்த்துத் தைத்தார். நூலை மெழுகுக் கட்டியில் இழுத்து இழுத்துத் தைப்பார். பிறகு ஒவ்வொரு பத்திரத்தின் ஓரத்திலும் ஒரு கோடு பசை தடவி, ஒரு பட்டியில் ஒட்டினார். கோதுமை மாவைக் காய்ச்சிய பசை. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் போடுவதால் இளநீலமாக இருக்கும். “விசம், கை வைச்சாலும் வாயில வைச்சிராத” என்று அம்மா என்னை நாளுக்குப் பத்துத் தரம் வெருட்டினார். ஒட்டிய பக்கங்களை இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மியை ஏற்றி, அது போதாதென்று தண்ணீர்க் கானையும் ஏற்றினார். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் சம்பல் கிடையாது.

மட்டைக்கு அப்பா இடுப்பில் கட்டும் நீலக்கோட்டுச் சாரத்தைப் போர்த்தினார். கடைசியாகப் புத்தகத்துக்கு ஒரு கூடு செய்தார். ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி. புத்தகத்தை அதற்குள் தள்ளினால் உள்ளே இருந்த காற்று மெல்லப் பெருமூச்சு விட்டபடி வெளியேறும். கவிழ்த்துப் பிடித்தால் புத்தகம் விழக்கூடாது, ஒரு தரம் உதறினால் வழுகி வரவேண்டும். அதுதான் அளவு சரி என்பதற்குச் சோதனையாம். சித்தி அரைமில்லிமீற்றருக்காக மூன்று கூடுகளை வெட்டி எறிந்தார். நாலாவது கூட்டை அப்பா தானே கவிழ்த்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார், மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தார். “பிழையில்லை” என்றார். அப்பாவின் வாயில் அது பெரிய பாராட்டு. முன்னறையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அங்கே காய்ந்துகொண்டிருந்த வலையை அவராகவே எடுத்து வெளியே போட்டார்.

நான் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். அப்பா இருந்தார். அம்மா இருந்தார். சித்தி இருந்தார். வந்த பிறகு வாங்கிய பழைய சைக்கிளின் பற்றுச்சீட்டும் ஒரு பட்டியில் கால்நீட்டிக்கொண்டு இருந்தது. என்னுடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லை. கடைசியில் ஐந்தாறு பட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. இடமில்லாமல் என்னை விட்டார்கள் என்றுகூட ஆறுதல் கொள்ள முடியவில்லை.

காரணத்தை அம்மா சொல்லத்தான் சொன்னார். நான் முகாமில் பிறந்தவள், என்னிடம் இருந்தது இந்தியாவில் தந்த சான்றிதழ். அதைக் கொடுத்தால்தான் இலங்கைப் பிரஜை என்று பதிவார்கள். அந்தப் பதிவு இல்லாமல் பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாகப் பெயர் எழுதமாட்டார்கள். இதைப் பதிகிற நடமாடும் சேவை கொழும்பிலிருந்து மன்னாருக்கு ஒரே ஒரு நாள் வருகிறது, அடுத்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. “உன்ர பேப்பர் கொழும்புக்குப் போகவேணும். அதுதான் தனிய வைச்சிருக்கு” என்றார். சான்றிதழை அப்பா என்னுடைய படங்களோடும் போட்டோக்கொப்பிகளோடும் ஒரு தடித்த கடித உறையில் போட்டு அலுமாரிக்குமேல் வைத்திருந்தார்.

இதில் எனக்கு ஏறியது ஒன்றுதான். எல்லோருடைய காகிதமும் வீட்டில் இருக்கப் போகிறது, என்னுடையதை மட்டும் அனுப்பப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே எனக்கு ‘இந்தியாக்காரி’ என்று பெயர். முகாமில் இருந்தபோது வெளியே இருந்த பிள்ளைகள் ‘சிலோன்காரி’ என்பார்கள். இரண்டு நாடும் சேர்ந்து என்னை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், சொந்த வீட்டுப் புத்தகமும் கைவிட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் சித்தியும் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார்கள். அப்பா உள்ளே நித்திரை. சிரட்டையில் பசை மிச்சம் இருந்தது. கதிரையை இழுத்துப்போட்டு ஏறினேன். உறையிலிருந்து என்னை வெளியே எடுத்தேன். வெறும் பட்டிகளில் முதலாவதில் சித்தி செய்ததைப் போலவே ஓரத்தில் பசை தடவி ஒட்டினேன். சித்தி ஒரு கோடுதான் தடவுவார். எனக்கு அது போதாமல் பட்டது, நன்றாகப் பிடிக்கட்டும் என்று தாராளமாகவே தடவினேன். புத்தகத்தைக் கூட்டுக்குள் தள்ளி, அதன்மேல் கொஞ்ச நேரம் ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். அம்மியைத் தூக்க எனக்குப் பலமில்லை. அன்று பின்னேரம் மீன் பொரியல் மிக ருசியாக இருந்தது.

நடமாடும் சேவை நாள் அப்பா சலவைச் சட்டை போட்டார். உறையை நெஞ்சோடு பிடித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சித்தி கூட்டோடு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். மண்டபம் நிறையச் சனம். எல்லோர் மடியிலும் ஒரு பை, எல்லாப் பைக்குள்ளும் காகிதம். எங்கள் முறை வரும்போது மத்தியானம் ஒரு மணி தாண்டிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா கொழும்பிலிருந்து வந்தவர். கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் கதைத்தார்.

“ஒரிஜினல் எங்க?” என்றார்.

அப்பா உறையைக் கவிழ்த்தார். படங்கள் வந்தன, கொப்பிகள் வந்தன. உறைக்குள் ஊதிப் பார்த்தார். சட்டைப் பையைத் தட்டினார். பிறகு ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவின் முகத்தில் நான் அதற்கு முன் பயத்தைப் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“புத்தகத்துல இருக்கு” என்றேன்.

சித்தி என்னை ஒரு கணம் பார்த்தார். கூட்டை உதறி, புத்தகத்தை மேசையில் விரித்தார். கடைசிப் பக்கங்களில் என் சான்றிதழ் இறுக ஒட்டியிருந்தது.

“ஆர் இதை அதில ஒட்டினது?” என்றார் அப்பா. குரல் மண்டபத்தின் மறுகோடிக்குக் கேட்டது.

“நான்தான் அத்தான்” என்றார் சித்தி. “எல்லாத்தோடயும் சேர்த்து மறதியில ஒட்டிப்போட்டன்.”

சித்திக்கு உண்மையிலேயே ஞாபகப் பிசகுதான் என்று நினைத்தேன். அவர் ஒட்டியதாக அவரே நம்பும்போது நான் ஏன் குறுக்கே போகவேண்டும்?

அதிகாரியம்மா புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இப்பிடி எடுக்க ஏலாது. பேப்பர் தனிய வேணும். ரெண்டு மணிக்கு நாங்க போறது.”

“பத்து நிமிசம் தாங்கோ மிஸ். கழட்டித் தாறன்.”

“கிழிஞ்சா?”

“கிழியாது” என்றார் சித்தி.

எங்களுக்குப் பின்னால் சிலாவத்துறையிலிருந்து வந்த ஒருவர் நின்றார். பால்மாப் பை ஒன்றில் காகிதங்களை வைத்து நெஞ்சோடு அணைத்திருந்தார். புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் என்று வரிசையில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் தன் பிளாஸ்க்கை நீட்டினார். “சுடுதண்ணி இருக்கு தங்கச்சி. இத எடுங்க.”

சித்தி கைக்குட்டையின் நுனியைச் சுடுதண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் பிழிந்து, பட்டியின் பின்பக்கத்தில் மட்டும் ஒற்றினார். அதிகாரியம்மா தானாகவே எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். அப்போதுதான் நான் என் தாராள மனத்தின் விளைவைக் கண்டேன். பசை சான்றிதழின் உள்ளே பரவி, ஊதா நிற முத்திரையின் விளிம்புவரை போயிருந்தது. ஈரம் அதைத் தொட்டால் முத்திரை கலங்கும். கலங்கிய முத்திரையை ஒரு நாடும் ஏற்காது. நான் அந்த முத்திரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

சித்தி ஒற்றுவார், காத்திருப்பார், மறுபடியும் ஒற்றுவார். மாட்டுக்கொம்பைத் தேய்த்துச் செய்த மெல்லிய தகடு ஒன்று எப்போதும் அவருடைய கைப்பையில் இருக்கும். அதைப் பட்டிக்கும் பத்திரத்துக்கும் நடுவில் நுழைத்து நூலளவு நூலளவாக நகர்த்தினார். வரிசையில் நின்றவர்கள் மேசையைச் சுற்றிவிட்டார்கள். முத்திரைக்கு அருகே வந்ததும் சித்தி மூச்சை அடக்கிக்கொண்டார். பிறகு பத்திரம் முழுதாக அவர் கையோடு வந்தது.

அதிகாரியம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். முத்திரையை வாசித்தார். பின்பக்கத்தைத் தடவினார். “ஹரி”, அதாவது சரி, என்று சிங்களத்தில் சொல்லி, தன் முத்திரையை எடுத்து விண்ணப்பத்தில் ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தத்தில் அப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் அப்பா சித்தியைப் பார்க்காமலே பேசினார். “இனி இந்த வீட்டில பசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.” சித்தி கூட்டை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தைவிடத் தப்பிவிட்ட சந்தோசம் பெரிதாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

பசைக்கான தடை நாலு நாள்தான் நின்றது. ஐந்தாம் நாள் சிலாவத்துறைக்காரர் பால்மாப் பையோடு எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்றார்.

“எனக்கும் இப்பிடி ஒண்டு கட்டித் தரணும் தங்கச்சி” என்றார். “ஒட்டினா எல்லாருந்தான் ஒட்டுவாங்க. பழுதில்லாமக் கழட்டினீங்களே, அதத்தான் நான் பாத்த.”

அப்பா சித்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “முன்னறையில ஒரு கதிரை போடு” என்றார். அதற்குப் பிறகு மண்டபத்து வரிசையில் நின்ற வேறு சிலரும் வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் எங்கள் வீட்டில் உண்மையான அழுத்துப்பொறி வந்தது, அம்மி குசினிக்குத் திரும்பிப் போனது. என்னுடைய பிரஜைப் பத்திரமும் வந்தது. சித்தி அதை ஒட்டினார், அப்பா புத்தகத்தை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். தேவை வந்தால் அவரே எடுப்பார், அவரே வைப்பார்.

போன மாதம்தான் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. என் மகளின் பிறப்புப் பத்திரத்தைச் சேர்ப்பதற்காக நான் கேட்டேன், அப்பா அலுமாரித் திறப்பைத் தந்தார். என் பத்திரம் இருந்த இடத்தை விரித்தேன். எதிரே, மட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிய வெள்ளைத்தாளில் நாலு விரல்கள் இளநீலமாகப் பதிந்திருந்தன. சின்ன விரல்கள். வஞ்சகமில்லாமல் அழுத்திப் பதித்திருந்தேன். அன்று அந்த மேசையைச் சுற்றி நின்ற எவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை.

புத்தகத்தோடு சித்தியிடம் போனேன். இப்போது அவருக்கு அடுத்த ஒழுங்கையில் தனிப் பட்டறை, மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். தைத்துக்கொண்டிருந்தவர் விரல் அடையாளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து தைத்தார்.

“ஓம், எல்லாரும் கண்டவை. உன்ர அப்பாவும் கண்டவர். அந்த மிஸ் என்னைப் பார்த்துச் சிரிச்சவ” என்றார்.

“பிறகேன் ஒருத்தரும் என்னை ஏசயில்லை?”

சித்தி நூலை மெழுகில் ஒரு தரம் இழுத்தார். “நீ எங்களோட இருக்கவேணும் எண்டெல்லோ ஒட்டினனீ. அதுக்கு ஆரும் ஏசுவினமே?”

பதினைந்து வருடமாக நான் அத்தனை பேரையும் ஏய்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.