பிச்சாட்டூரில் இருந்த யானைத் தம்ளர்

ஐயா, அம்மையீர்,

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையொன்றில் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். குழந்தைகளுக்கென்று படம் போட்டு முன்னாளில் விற்கப்பட்ட கண்ணாடித் தம்ளர்களைச் சேர்த்து வருகிறேன். வாத்து, முயல், பலூன் பிடித்த கரடி எனப் பலவும் என் அலமாரியில் உண்டு. நான் தேடிய ஒன்று மட்டும் அவற்றுள் இல்லை. அதன்பொருட்டுச் சென்ற மாதம் மேற்கொண்ட பயணத்தை இங்கே எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறினேன். திருப்பதி எழுபது கிலோமீட்டர். கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். பூதலப்பட்டு தாண்டியதும் தூறல் பிடித்தது. பக்கத்து இருக்கைச் சிறுமி பூனைப் படம் போட்ட பாட்டிலில் நீர் குடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எட்டரை மணிக்குத் திருப்பதி. ரயில் நிலையத்துக்குப் பின்புறம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாஷா என்பவர்தான், நான் தேடும் தம்ளர் பிச்சாட்டூரில் ஒரு வீட்டில் இருப்பதாக எனக்குத் தகவல் அனுப்பியவர். தேநீர் வரவழைத்துவிட்டுக் கேலியைத் தொடங்கினார்.

“எல்லாரும் படம் அழியாத கிளாஸா கேக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் சாரு, கண்ணு போன யானையத் தேடிக்கினு கீறீங்க. கண்ணாஸ்பத்திரி எதுனா வெச்சிருக்கீங்களா?”

அவரிடம் நான் காரணம் சொன்னதில்லை. தங்களுக்குச் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் மகள் கோமதிக்கு வாங்கிய தம்ளர் அது. மஞ்சள் யானையொன்று நேர்முகமாக நிற்கும். பால் குடிக்கையில் அது தன்னை முறைக்கிறதென்று சொல்லி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதன் இடக்கண்ணை அழித்துவிட்டாள். வண்ணம் வெறும் மேற்பூச்சு, எளிதில் பெயர்ந்தது. நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். புகைப்படம் எடுத்ததில்லை. காரியம் முடிந்த அன்று, அவளுடைய பாவாடைகளையும் அத்தம்ளரையும் வந்திருந்தவர்களுக்கு என் மனைவி கொடுத்துவிட்டாள். யாருக்கு எது போயிற்று என்பது அவளுக்கே நினைவில்லை. இப்போது அவளும் இல்லை. என் மகள் தன் கையால் செய்து இவ்வுலகில் விட்டுச் சென்றது அந்தச் சுரண்டல் ஒன்றே.

புத்தூர் வழியாகப் பிச்சாட்டூர் சேர நண்பகலாயிற்று. ஏரிநீர் சாம்பல் நிறத்தில் அசைவற்றுக் கிடந்தது. பாஷா சொன்ன வீட்டில் வசந்தா என்ற பெண் என்னை எதிர்கொண்டாள். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அன்று அவளுக்கு விடுமுறை. “கூர்ச்சோண்டி தாத்தா” என்று தெலுங்கில் உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தம்ளர் தன் மாமியார் காலத்தியது என்றும், அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆயின என்றும் தெரிவித்தாள். பின் உள்ளே சென்று மோர் கொண்டுவந்தாள்.

மோர் இருந்த தம்ளர் பளிங்குபோல் இருந்தது.

“எங்கே அம்மா அது?” என்றேன்.

“இதான் தாத்தா. யானைக்கு ஒரு கண்ணே இல்ல, அசிங்கமா இருந்துச்சி. பெரியவரு பாக்க வர்றாருன்னு பாஷா பாய் நேத்து போன் பண்ணாரு. வர்றவங்களுக்கு அத்த எப்டிக் காட்றது? சோடா போட்டு ஊற வெச்சி, காத்தாலேருந்து கம்பி நாரால தேச்சிகினே இருந்தேன். இப்ப பாருங்க, புதுசு மாரி கீது.”

மோரைக் குடித்து முடித்தேன். தம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் அவள் முகம் தெரிந்தது. நான் என்ன சொல்வேனோ என்று காத்திருந்தாள். அவளுடைய விரல்நுனிகள் சோடாவில் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

நன்றாகத் துலக்கியிருக்கிறாய் என்றேன். பணம் நீட்டினேன்.

“மோர் குடிச்ச கிளாஸுக்குக் காசா? வேணாம், எடுத்துகினு போங்க” என்று தெலுங்கு நாளிதழில் பொதிந்து கொடுத்தாள். அவளிடம் கோமதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் வாழ்நாளெல்லாம் எண்ணி வருந்துவாள்.

திரும்பும் வழியெங்கும் மழை. பேருந்தில் பொதியைப் பிரிக்கவில்லை. இரவு வீட்டில் பிரித்து, விரல் வைத்துத் தடவினேன். எல்லாப் பக்கமும் ஒரே வழவழப்பு.

இடக்கண் சுரண்டப்பட்ட மஞ்சள் யானை இனி இந்தத் தாளில் மட்டுமே இருக்கிறது. ஐயா, அம்மையீர், படித்தபின் இதை எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.