என் கட்டைவிரலும் தொரையின் முள்பெட்டியும்

ஹல்துமுல்லைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவில் இருந்தது எங்கள் தோட்டம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மலையில் பறித்த கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டி, ஈரத் தரையில் பரப்பிப் புளிக்க விட்டால் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும். அந்த நிறமும் வாசமும் கூடிவரும் நேரத்தில் அள்ளிக் காயவைக்க வேண்டும். முந்தினால் பச்சை நாற்றம். பிந்தினால் செத்த தேயிலை. நான் ஒரு பிடி எடுத்துக் கட்டைவிரலால் கசக்கி, மோந்து பார்த்து, "அள்ளு" என்றால் அள்ளுவார்கள். தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை கடிகாரத்தைப் பார்க்கமாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது இரண்டு மழைக்காலம். கொழுந்துச் சாக்கு சுமந்து அந்த வாசலுக்குள் வந்தவன், புளிக்கிற அறைக்கே கங்காணி ஆனேன். யார் சிபாரிசும் கிடையாது, மூக்குதான்.

உலகமெல்லாம் நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, தேயிலையை ஆராய ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சோதனைத் தொரை என்போம். ஹப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். வைக்கோல் சுற்றிய கண்ணாடிக் கிண்ணங்கள், பேட்டரிச் சாடிகள், மயிர்போல் மெல்லிய கம்பி, கண்ணாடி மூடிக்குள் ஒரு முள் ஆடும் பெட்டி. எல்லாவற்றையும் என் அறை மூலையில் ஒரு மேசை போட்டு வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்தது.

ஒரு நாள் முட்டையை உடைத்து வெள்ளையை மட்டும் கிண்ணத்தில் விட்டார். அதில் கொழுந்துச் சாறு கொஞ்சம் சொட்டினார். திரிந்த பால் மாதிரிக் கட்டிக்கொண்டது.

"கங்காணி, இலைக்குள்ளயும் இந்த வெள்ளை மாதிரி சாமான் இருக்கு. தொவர்ப்பு அதைப் பிடிச்சுக்குது. எம்புட்டு பிடிச்சிச்சு, கண்ணு பாக்க முடியாது. கரண்டு பாக்கும்."

அவர் தமிழ் அப்படி. இன்னொரு நாள் வளைந்த கண்ணாடிக் குழாயில் முட்டை வெள்ளையை விட்டு, இரண்டு முனையிலும் கம்பி தொங்கவிட்டார். மத்தியானத்துக்குள் வெள்ளை ஒரு பக்கமாக நகர்ந்து திரண்டிருந்தது. யாரும் தொடவில்லை. பாய்லர் பார்க்கும் இன்ஜின்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார். நான் போடவில்லை.

முள்பெட்டிதான் என்னை உறுத்தியது. கொழுந்துச் சாற்றில் கம்பியை விட்டால் முள் நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். கொழுந்து புளிக்கப் புளிக்க அந்த இடம் மாறும். எங்கே நின்றால் அள்ளலாம் என்று கண்டுபிடித்து எழுதிவைக்கத்தான் வந்திருக்கிறார்.

"அப்புறம் நான் எதுக்குங்க, தொரை?"

"நீ மலைக்குப் போ. நல்ல காத்து," என்று சிரித்தார்.

மலைக்குப் போவது என்றால் மறுபடி அட்டைக்கடியும் சாக்குச் சுமையும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவருக்குச் சாறு பிழிந்து கொடுத்தது நான்தான். அவர் வேறு ஆளை நம்பவில்லை, நானும் வேறு ஆளை விடவில்லை.

பத்து நாள் போயிருக்கும். முள் கோளாறு பண்ண ஆரம்பித்தது. காலையில் முதல் பரப்பலுக்கு ஒழுங்காக நிற்கும். பத்து மணிக்கு மேல் இரண்டாம் பரப்பலுக்கு எதிர்ப்பக்கம் ஓடும், நிற்காமல் அலையும். தொரை பேட்டரியை மாற்றினார், கிண்ணங்களை மழைத்தண்ணீரில் கழுவினார். அப்படியும் அலைந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"யாரோ சாறுல என்னமோ போடுறான். காரமான சாமான். யாரு?"

ஸ்டோரில் அப்படிப்பட்ட சாமான் ஒன்றுதான் உண்டு. பாய்லர் கழுவும் சோடா. அந்த டின் இன்ஜின்காரர் பொறுப்பில் இருந்தது. அவருக்குத் தன் மைத்துனனை என் அறையில் வைக்க ஆசை. அது எனக்குத் தெரியும். தெரியும் என்றால், யாரும் வந்து சொல்லவில்லை. எனக்கு அவர் வணக்கம் வைக்கிற விதத்திலேயே தெரிந்தது.

"சொல்லக்கூடாதுதாங்க, தொரை. சோடா டின்னு யாரு கையில இருக்குன்னு பாருங்க," என்றேன்.

விஷயம் பெரிய தொரைக்குப் போனது. சனிக்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிவிட்டு ஸ்டோருக்கு வருவதாகவும், குற்றம் உண்மையானால் அன்றைக்கே பத்துச்சீட்டு என்றும் சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு கையில் வந்தால் வேலையும் இல்லை, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் இல்லை. இன்ஜின்காரருக்குப் பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும்.

வெள்ளிக்கிழமை அவரைக் கையும் களவுமாகப் பிடிப்போம் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த அறைக்குள் வெற்றிலை போடக்கூடாது என்று சட்டம் வைத்தவன் நான். எச்சில் பட்டுவிடும் என்று ஒருவனை வெளியே தள்ளியும் இருக்கிறேன். நான் மட்டும் முதல் பரப்பல் முடிந்ததும் விறகுக் கட்டைப் பக்கம் போய் ஒரு வாய் போட்டு, துப்பிவிட்டு வருவேன். மிச்சச் சுண்ணாம்பு இடது கட்டைவிரல் நகத்தில் இருக்கும். அவ்வப்போது நாக்கில் தொட்டுக்கொள்வது வழக்கம். அன்றைக்கும் போட்டுவிட்டு வந்து நின்றேன். ஆளைக் காணோம். சும்மா நிற்க முடியாமல் இரண்டாம் பரப்பலில் ஒரு பிடி எடுத்து, வெளிச்சத்துக்கு வந்து கசக்கினேன்.

மற்ற விரல் பட்ட இடமெல்லாம் செம்பு நிறம். கட்டைவிரல் அழுத்திய இடம் மட்டும் மை கொட்டினதுபோல் கறுத்துக்கொண்டு வந்தது.

கையைக் கழுவிவிட்டுக் கசக்கினேன். கறுக்கவில்லை. துளி சுண்ணாம்பு தொட்டுக் கசக்கினேன். கறுத்தது. சோடா மாதிரிச் சுண்ணாம்பும் காரம்தானே. என் ஆயுசில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இந்த விரலைச் சந்தேகப்பட்டதில்லை.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றே நினைத்தேன். இன்ஜின்காரர் போவார், பெட்டியும் உதவாது என்று போகும், அறை எனக்கே நிற்கும். சாயங்காலம் தண்ணீர் விழும் பீலியில் கால் கழுவும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நாளைக்குத் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் என்னப்பா சொல்றது?"

"உங்களுக்குத் தெரியாததா அந்த ஸ்டோருல நடக்குது?"

தெரிந்துகொண்டு கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பார்வை என் கைமேல் இருந்ததுபோலப் பட்டது. கையை வேட்டியில் துடைத்தேன்.

சனிக்கிழமை இரண்டு தொரைமாரும் மேசைப் பக்கம் நின்றார்கள். இன்ஜின்காரர் தலைப்பாகையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். சோடா டின் மேசைமேல் இருந்தது. பெரிய தொரை அவரைக் கேட்க வாயெடுக்குமுன் நான் முன்னால் போனேன்.

"கள்ளனைப் பிடிச்சிட்டேங்க, தொரை," என்று கட்டைவிரலை நீட்டினேன்.

கழுவின கையால் ஒரு கிண்ணம் பிழிந்தேன். முள் ஒழுங்காக நின்றது. சுண்ணாம்புக் கையால் ஒன்று பிழிந்தேன். அலைந்தது. சோதனைத் தொரை என் விரலை வெளிச்சத்தில் பிடித்து, அதையும் ஒரு கிண்ணம்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினி நாளு நான் உன் வெத்தலையைச் சோதனை பண்ணேன்," என்றார்.

பெரிய தொரை சிரிக்கவில்லை. "இங்க வெத்தலை கூடாதுன்னு சட்டம் வெச்சது யாரு?"

"நான்தாங்க."

"உன் கையை யாரு பாக்கிறது?" கேட்டுவிட்டு இன்ஜின்காரரைக் காட்டினார். "நாளையிலேருந்து இவன் பாப்பான்."

அதற்குப் பிறகும் சோதனைத் தொரை சில வாரம் இருந்தார். நான் "அள்ளு" என்பேன், அவர் முள்ளைப் பார்ப்பார். சில நாள் ஒத்துப்போகும், சில நாள் முள் பிந்தும். இலைக்குள் இருக்கிற சாமானெல்லாம் ஒரு முள்ளுக்கு அடங்காது என்று சொல்லிப் பெட்டிகளைக் கட்டினார். பெட்டி போனது, நான் இருந்தேன். பின்னாளில் பதுளைக் கடைத்தெருவில் தேயிலைக் கடை வைத்தபோதும் மோந்து பார்க்காமல் ஒரு தேயிலைப் பெட்டி உள்ளே வந்ததில்லை.

ஆனால் அந்த ஸ்டோரில் இருந்த வருஷமெல்லாம் காலையில் வாசலில் இன்ஜின்காரர் நிற்பார்.

"காட்டுங்கண்ணே."

நீட்டுவேன். எட்டு விரலைச் சும்மா பார்ப்பார். இரண்டு கட்டைவிரலையும் பிடித்து, நகத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

"இன்னைக்குச் சுத்தம்."

"என்னைக்கு இல்ல?"

"அத நீங்கதானேண்ணே தொரைகிட்டச் சொன்னீங்க."

கை சுத்தமா என்று பார்க்க அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. சோடா டின்னைத் தொரைக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. நானும் விரலை இழுத்துக்கொண்டதில்லை.