அமானிதம் போய்ச் சேரும் வரை

எனக்குப் பொறுமை இல்லை என்பது ஊரறிந்த விடயம். கல்முனையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்? "காக்கா, நான் ஒண்டும் செய்யல்ல, அது தன்ட பாட்டுல நிண்டுட்டு" என்று, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் காக்கா போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது. அப்படிப்பட்ட என்னைத்தான் என் சினேகிதனின் மனைவி சாய்ந்தமருதிலிருந்து அவசரமாக வரச் சொன்னாள்.

சினேகிதன் நெஞ்சுவலியில் மௌத்தாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் புருஷன் மௌத்தானால் இருக்கும் இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகமாட்டாள், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். நான் அவனோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவன்தான். என்றாலும் அந்நிய ஆண்தானே. அவளுடைய உம்மா எனக்கு ஹோலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தா. அறை வாசலில் திரைச்சீலை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அவள், அவனுடைய லெப்டொப்போடு இருந்தாள்.

"காக்கா, சல்லி போகுதில்ல. அனுப்பி நாலஞ்சு நாளாகிட்டு. சல்லி இன்னும் வரல்ல எண்டுதான் அந்த மனிசன் சொல்றாரு."

அந்த மனிசன் ஒரு கென்யாக்காரன். சினேகிதன் வெளிநாட்டுக் கடைகளுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பவன். கடைசி வேலையில் பாதியைச் செய்தது, அவன் நேரில் கண்டேயிராத அந்தக் கென்யாக்காரன். கூலி முழுவதும் பிட்காயினாக என் சினேகிதனுக்கு வந்தது. பங்கு பிரிக்குமுன் இவன் மௌத்தாகிவிட்டான். பிட்காயினை அவன் ஒரு ஹாட்வெயார் வொலட்டில் பூட்டி வைத்திருந்தான். தீப்பெட்டியளவு சாமான்தான். கொம்பியூட்டரில் செருகி, பின் நம்பர் அடித்து, அதன் பொத்தானை விரலால் அழுத்தினாலொழிய ஒரு சதமும் வெளியே போகாது. எல்லாவற்றையும் மனைவிக்குப் பழக்கிவிட்டுத்தான் போயிருக்கிறான், மகராசன்.

"அது அவருட சல்லி இல்ல காக்கா, அவர நம்பி விட்ட அமானிதம். அது போய்ச் சேராட்டி அவருட ரூஹு கரையேறாம தொங்கிட்டுத்தானே கிடக்கும்? எனக்குச் சோறு இறங்குதில்ல. இன்னொருக்கா அனுப்பட்டா?"

"அனுப்பிராத!" என்று நான் போட்ட சத்தத்தில் உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. "ரெண்டும் போய்ச் சேர்ந்தா என்ன செய்வாய்? அனுப்பக்க கட்டணம் எவ்வளவு போட்டாய்?"

"இரிக்கிறதுக்குள்ள ஆகக் கொறஞ்சது."

"அதான் கிடந்து காயுது! ஏன் புள்ள அப்படிப் போட்டாய்?"

"எத்தீம்ட சல்லியில்லையா காக்கா? வீணாக்க ஏலுமா?"

முற்றத்தில் அவனுடைய பிள்ளைகள் இரண்டும் ஒரு சைக்கிளுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. எத்தீம் என்றால் தகப்பன் இல்லாத பிள்ளை. அந்தச் சொல்லை நான் எத்தனையோ பள்ளிவாசல் பயான்களில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது பொருந்தும் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. எரிச்சலைக் காட்டித்தான் சமாளித்தேன்.

"இங்க பார். இது கொழும்பு பஸ்ஸில பார்சல் போடுற மாதிரி. பார்சல் குவிஞ்சு கிடந்தா, கூடக் கூலி குடுத்தவன்டதத்தான் முதல்ல ஏத்துவாங்க. உன்ட பார்சல் கீழ கிடக்கு. கட்டணத்தக் கூட்டினா ஏத்துவாங்க. அவ்வளவுதான்."

திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த கேள்வி வந்தது.

"பிந்தினதுக்குக் கூடக் கட்டுறதெண்டா, அது வட்டி இல்லையா காக்கா?"

யா அல்லாஹ்! பிட்காயினைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்டக் கேட்டுச் சொல்லுங்களன்" என்றாள்.

"நல்லாக் கேட்கலாம்! அவருக்குப் பிட்காயின் எண்டா என்னெண்டு நான் விளங்கப்படுத்தி முடிய உலகம் அழியிற கியாமத்து நாள் வந்திரும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டேன். "வட்டியெண்டா குடுக்க வேண்டிய ஆளுக்குக் கூடக் குடுக்கிறது. கென்யாக்காரனுக்கு இதுல ஒரு சதமும் கூடப் போகாது. இது கொண்டு போறவன்ட கூலி."

"அப்ப சரி. ஆனா அந்தக் கூலி புள்ளையள்ட பங்குல இருந்து போகப்படாது. ரூபாயில எவ்வளவு வரும்?"

"ஒரு கோழி வாங்குற காசு வரும். அத நான் போடுறன், விடு."

"வேணா காக்கா. என்ட தையல் சல்லி கிடக்கு. அத அவங்கட உண்டியல்ல போட்டுர்றன்."

தன் பிள்ளைகளுக்கே கணக்குத் தீர்க்கிறவளோடு என்னத்தைக் கதைப்பது?

"அந்தப் பெட்டிய வெளிய தரட்டா? நீங்களே செய்யுங்களன்" என்றாள்.

"தராத! பின் நம்பரையும் சொல்லாத. பெட்டி இல்லாமலே சல்லிய எடுக்கக்கூடிய அந்த இருபத்துநாலு இரகசியச் சொல்ல ஆர் கேட்டாலும் வாயத் திறக்காத. அவசரமா அனுப்பித் தாறம் எண்டு நெட்டுல வாறவனெல்லாம் அதுக்குத்தான் வாறான்."

என் கையால் தொடவும் எனக்கு மனமில்லை. எத்தீமின் சொத்து நெருப்பு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான்.

திரைச்சீலையைப் பார்த்தபடி நான் சொன்னேன், அவள் செய்தாள். போகாமல் நின்ற அந்தப் பழைய அனுப்புதலைத் திறந்தாள். கட்டணத்தைக் கூட்டும் பொத்தானைத் தேடிப் பிடித்தாள். பெட்டியின் திரையில் வந்த இங்கிலீசை ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினாள். போகும் தொகை மாறவில்லை, விலாசம் மாறவில்லை, கட்டணம் மட்டும் கூடியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், "பிஸ்மி சொல்லி அமத்து" என்றேன்.

தேத்தண்ணி ஆறிப் பாலாடை பிடித்துவிட்டது. பிறகு உள்ளேயிருந்து, "உறுதியாகிட்டு எண்டு போட்டிரிக்கி காக்கா!" என்று குரல் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று நானும் உம்மாவும் ஒன்றாகச் சொன்னோம். சற்று நேரத்தில் கென்யாக்காரனின் பதிலும் வந்தது. பிள்ளைகளுக்கே இருக்கட்டும் என்றுதான் அவன் கேட்காமலே இருந்தானாம். இவள்தான் விடாமல் விலாசம் கேட்டிருக்கிறாள்.

நான் செருப்பைப் போடும்போது திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"காக்கா, எனக்குப் போக ஏலா. நீங்க அவர அடக்கின மையவாடிக்குப் போனா அவருக்கு ஒரு ஸலாம் சொல்லுங்க. குடுத்தாச்செண்டும் சொல்லுங்க."

"மௌத்தானவனுக்கு என்னத்தச் சொல்ற?" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆனாலும் என் மோட்டார் சைக்கிள், கடை இருக்கும் பக்கம் திரும்பவில்லை.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து மையவாடியில் ஆளில்லை. கடல் காற்றில் அவன் கபுறின் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டையில் மணல் படிந்திருந்தது. ஸலாம் சொன்னேன். மேற்கொண்டு கதைக்க வெட்கமாக இருந்தது. சுற்றிவரப் பார்த்துக்கொண்டேன்.

"டேய், குடுத்தாச்சுடா" என்றேன். "கூலியையும் தன்ட சல்லியில கட்டிட்டாள். நீ நிம்மதியாப் படு."

அழுதுவிட்டேன். எதற்கும் காத்திருக்கத் தெரியாத நான், பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்கும் வரை அவன் பக்கத்திலேயே நின்றேன்.